யாரும் கை வைக்காத ஸ்டெப்னி

ஆவாரங்காட்டுக் குட்டையில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்து, கடைசியில் கொக்குக்கு முழங்கால் அளவுக்கு நின்றது. அதற்கு மேல் அங்கே குடியிருக்க முடியாது.

குட்டைக்காரர்களிடம் ஒரு டயர் வண்டி இருந்தது. எந்தக் காலத்திலோ மனிதர்கள் காட்டோரம் விட்டுப்போனது. அதன் மேல் பனையோலையால் கூண்டு கட்டி, அதையே ஒரு வீடாக்கி வைத்திருந்தார்கள். கோடை முற்றினால் சாமான் சட்டியை எல்லாம் அதில் ஏற்றிக்கொண்டு, பொட்டலைத் தாண்டிப் பெரிய ஏரிக்குப் போவார்கள். மழை விழுந்ததும் திரும்பி வருவார்கள். வண்டியை இழுப்பது மாடக்கண்ணு என்ற எருமை. பாரம் ஏற்றுவது இருளப்பன் என்ற கீரி. எதை அடியில் வைப்பது, எதை மேலே கட்டுவது, அச்சு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் இருளப்பனுக்கு அத்துப்படி. அதை மிஞ்சி அந்தக் காட்டில் யாரும் ஒரு கயிற்றைக்கூட முடிச்சுப் போட்டதில்லை.

வண்டி ஏற்றுவதில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்துக்கு ஒரு பெரிய சாமான்தான். அதன் பக்கத்தில் உடையவர் நிற்க வேண்டும். அதன் மேல் கை வைத்து, "இது என்னுடையது, இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆளில்லாத சாமான் வண்டி ஏறாது. போட்டவர் யார் எடுத்தவர் யார் என்று தெரியாத குப்பை எல்லாம் வண்டியில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கத்திலும் ஓர் ஓட்டை இருக்கும் என்பதுதான் இந்தக் கதை.

அன்று விடியும்போதே ஏற்ற ஆரம்பித்தார்கள். குரங்கு தன் கல் உரலின் மேல் கை வைத்தது. முள்ளம்பன்றி கிழங்கு மூட்டையின் மேல் சாய்ந்துகொண்டது. மயில், தான் முகம் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியைச் சிறகால் தொட்டது. அணில்கள் கூட்டமாகப் புளியங்கொட்டைச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தன.

பிறகு பீப்பாய் வந்தது. அதில்தான் அல்லி என்ற விரால் மீனும் அதன் குஞ்சுகளும் இருந்தன. குஞ்சுகள் செக்கச்செவேலென்று, ஒரு முறம் அகலத்துக்கு, தாயின் தலைக்கு மேல் மொய்த்துக்கொண்டிருந்தன. தகப்பன் விராலைப் போன மாதம் நாரை கொண்டுபோய்விட்டது. அல்லிக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு முறம் குஞ்சுதான். வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பீப்பாய்த் தண்ணீர் சுட்டால் குஞ்சு தாங்காது. இது எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக இருளப்பன் தன் சாமானை ஏற்றியது. தேக்குப் பெட்டி. பித்தளைக் குமிழ் வைத்தது. உள்ளே ஒன்றும் கிடையாது. பெரிய பெட்டி உள்ள கீரி என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வைத்திருந்தது. இருந்தாலும் அதன் மேல் கை வைக்கும்போது இருளப்பனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். அதை நாம் குறை சொல்ல வேண்டாம், அவரவருக்கு ஒரு பெட்டி உண்டு.

அப்போது அச்சு முனகியது. நுகத்தடியில் நின்ற மாடக்கண்ணு திரும்பிப் பார்த்தது.

"பாரம் ஜாஸ்தி. ஏதாவது ஒண்ணை இறக்கு."

இருளப்பன் வண்டியைச் சுற்றி வந்தது. உரலைத் தொட்டால் குரங்கு பல்லைக் காட்டியது. கண்ணாடியைப் பார்த்தால் மயில் கண்ணைக் கசக்கியது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கை இருந்தது. வண்டியின் பின்னால் கொக்கியில் தொங்கிய ஸ்டெப்னி மேல் மட்டும் ஒரு கையும் இல்லை. அது எல்லோருக்கும் பொது. அதனால் அதன் பக்கத்தில் நிற்க யாருக்கும் தோன்றவில்லை.

"இதை இறக்கிட்டா ஆச்சு" என்றது குரங்கு.

"ஸ்டெப்னியையா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"யோசிச்சுப் பாருங்க. பாரம் கூடினா டயர் வெடிக்கும். ஸ்டெப்னி ஏறினா பாரம் கூடும். அப்ப டயர் வெடிக்காம இருக்கணும்னா ஸ்டெப்னியை விட்டுட்டுப் போறதுதான் புத்தி. சின்ன பஞ்சர்னா எங்கிட்ட அத்திப்பால் இருக்கு, ஒட்டிக்கலாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு அது நியாயம் மாதிரியே இருந்தது. தன் சாமான் தப்பித்தது என்றால் எந்தப் பேச்சும் நியாயமாகத்தான் கேட்கும்.

பீப்பாய்க்குள் இருந்து அல்லி தலையை வெளியே நீட்டியது.

"அண்ணே, டயரைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். ஸ்டெப்னி இல்லாம போகலாமா?"

இருளப்பன் குனிந்து டயர்களைப் பார்த்தது. வலது டயர் நன்றாக இருந்தது. இடது டயரின் உள்பக்கம், தேங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. அது இருளப்பனுக்குப் புதிதல்ல. ஒரு வாரமாகவே தெரியும். ஸ்டெப்னி வேண்டும் என்றால், அதற்குச் சமமான பாரம் ஒன்று இறங்க வேண்டும். தேக்குப் பெட்டியும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே கனம்.

"ரெண்டு டயரும் நல்லாத்தான் இருக்கு" என்றது இருளப்பன்.

அல்லி அந்த வார்த்தையை நம்பித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஸ்டெப்னியை ஆவாரஞ் செடி ஓரமாகச் சாய்த்துவிட்டு வண்டி புறப்பட்டது.

பாதி வழி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அணில்கள் பாடிக்கொண்டே வந்தன. மயில் கண்ணாடியை ஓலை உரசாமல் பார்த்துக்கொண்டது. இருளப்பன் மட்டும் பின்பலகையில் உட்கார்ந்து, இடது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் புடைப்பு மேலே வந்தது, கீழே போனது.

பொட்டலின் நட்டநடுவில், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், டயர் வெடித்தது.

வண்டி இடது பக்கம் சரிந்தது. கண்ணாடி நொறுங்கியது. பீப்பாயில் கால்வாசித் தண்ணீர் சிந்தி, சிந்திய இடம் தெரியாமல் மணலில் போய்விட்டது. குரங்கு அத்திப்பாலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது. டயரில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். குரங்கு அதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த பாலைப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

உரலை இறக்கினார்கள், மூட்டையை இறக்கினார்கள், சாக்கை இறக்கினார்கள். இருளப்பன் தன் தேக்குப் பெட்டியை மூச்சு வாங்க இழுத்துக் கீழே தள்ளியது.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றது மாடக்கண்ணு.

பீப்பாயை மட்டும் வைத்து இழுத்துப் பார்த்தது எருமை. இரும்பு வளையம் மணலில் அச்சு வரைக்கும் புதைந்தது. பீப்பாயை முதுகில் கட்டலாம் என்றால், நாலு எட்டு வைப்பதற்குள் இருக்கிற தண்ணீரும் அலம்பிக் கொட்டிவிடும். ஒரே வழிதான் இருந்தது. வந்த வழியே போய் ஸ்டெப்னியை எடுத்து வர வேண்டும்.

மாடக்கண்ணு நுகத்தைக் கழற்றிக்கொண்டு நடந்தது. இருளப்பன் அதன் கழுத்தில் தொற்றிக்கொண்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்று கேட்டது மாடக்கண்ணு.

பொய் ஒன்று இருளப்பனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. காலையில் சொன்ன பொய்யே இன்னும் தொண்டையில் நின்றது.

"தெரியும்."

"பெட்டிக்காகவா?"

"பெட்டிக்காகத்தான்."

எருமை பெருமூச்சு விட்டது. "உன்னை மட்டும் சொல்லி என்ன பண்றது. ஒரு வாரமா வண்டி இடது பக்கம் இழுத்துச்சு. எனக்கும் தெரியும். பாரம் குறைஞ்சாச் சரின்னு வாயை மூடிக்கிட்டேன். எனக்குன்னு ஏத்துறதுக்கு ஒரு சாமானும் கிடையாது. அந்த ஸ்டெப்னி மேல என் மூக்கை வச்சிருக்கலாம். இது என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோணலையே."

குட்டைக்கு வந்தபோது ஸ்டெப்னி விட்ட இடத்திலேயே கிடந்தது. காற்று இறங்காமல், முள் தைக்காமல், சும்மா கிடந்தது. இருளப்பன் அதன் மேல் கை வைத்துத் தூக்கியபோது, தன் பெட்டியை விட அது ஒரு பிடி கனம் குறைவு என்பது தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. எருமையின் கழுத்தில் அதை மாட்டிவிட்டு, இந்தத் தடவை தான் கீழே நடந்தே வந்தது. சுடுமணலில் பாதம் வெந்தது. வேகட்டும் என்று நடந்தது.

அங்கே பொட்டலில், உச்சி வெயில் பீப்பாய்க்கு நேர் மேலே வந்துவிட்டது. மயில் தோகையை விரித்துப் பீப்பாய்க்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. கண்ணாடித் துண்டுகளின் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முள்ளம்பன்றி கிழங்குச் சாக்கைப் பிரித்துப் பீப்பாயைச் சுற்றிக் கட்டியது. செய்ய வேண்டியதை எல்லாம் எல்லாரும் செய்தார்கள். தண்ணீர் சுட்டுக்கொண்டேதான் இருந்தது.

விரால் வெளிக்காற்றை மூச்சாக இழுத்துக் கொஞ்ச நேரம் பிழைத்துக்கிடக்கும். அதனால் அல்லி பீப்பாயை விட்டு வெளியே துள்ளி விழுந்தது. தான் வெளியே கிடந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் பிள்ளைகளுக்கு ஆகுமே என்று, பீப்பாய் அடியில் ஈரமாகியிருந்த சாக்கில் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்க்க அதனால் முடியவில்லை.

"பிள்ளைங்க ஓடுதா?" என்று குரங்கைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஓடுது, ஓடுது" என்றது குரங்கு. முதலில் அது உண்மையாக இருந்தது. பிறகு குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது.

நிழல் கிழக்கே சாயும்போது ஸ்டெப்னி வந்து சேர்ந்தது. குரங்கு சக்கரத்தின் திருகு மரைகளைக் கழற்றியது. எல்லாரும் சேர்ந்து வண்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். இருளப்பன் சக்கரத்தை மாட்டி இறுக்கியது. மாட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்கிறீர்களா? ஓர் உரலில் ஒரு பிடி மாவு இடிக்கிற நேரம். அவ்வளவுதான்.

பெட்டி, உரல், மூட்டை எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டுப் பீப்பாயை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள். ஏரிக்கரையில் பீப்பாயைச் சாய்த்தார்கள். அல்லி முதலில் தண்ணீரில் இறங்கி, உடம்பைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தது. காலையில் ஒரு முறம் அகலத்துக்கு இருந்த சிவப்பு, இப்போது ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வந்து தாயோடு சேர்ந்தது. மற்றவை மேலே மிதந்தன.

இருளப்பன் தண்ணீர் ஓரம் வரைக்கும் போய் நின்றது.

"இடது டயர் புடைச்சிருந்துச்சு, அல்லி. தெரிஞ்சே நல்லாருக்குன்னு சொன்னேன்."

அல்லி மிதந்த குஞ்சுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அது திட்டியிருந்தால் இருளப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்களைத்தான் கேட்டேன் அண்ணே" என்றது கடைசியில். "வேற யாரையும் கேட்கலை." பிறகு மிச்சம் இருந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

ஐப்பசியில் மழை விழுந்தது. குட்டை நிரம்பிவிட்டது என்று சேதி வந்தது. திரும்பிப் போக வண்டி ஏற்றும் நாளும் வந்தது. கிழிந்த டயரைத் தைத்து வலது பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். தைத்தது எப்போது வேண்டுமானாலும் விடும், அப்போது மாற்ற நல்லது ஒன்று கையில் வேண்டும் என்று, அங்கே இருந்த நல்ல டயரை ஸ்டெப்னி ஆக்கியிருந்தார்கள். பொட்டலில் கிடந்த சாமான்களை எல்லாம் உடையவர்கள் முன்பே போய் எடுத்து வந்திருந்தார்கள். தேக்குப் பெட்டி மட்டும் மணலிலேயே கிடந்தது. அதில் இப்போது ஓணான் குடியிருப்பதாகப் பேச்சு.

குரங்கு உரலை உருட்டிக்கொண்டு வரும்போது, அதற்கும் முன்னாலேயே ஒருவர் வண்டியடியில் நின்றிருந்தார். இருளப்பன்தான். ஸ்டெப்னியின் மேல் கை வைத்திருந்தது.

"இது என்னுடையது. இதற்கு நான் பொறுப்பு."

மாடக்கண்ணு மெல்ல வந்து, இன்னொரு பக்கத்தில் தன் ஈர மூக்கை வைத்தது. "நானும்" என்றது.

சாமான்கள் ஏற ஏற, அன்று சரிந்ததில் வலு குறைந்திருந்த அச்சு முனகியது. குரங்கு ஒரு கணம் நின்றது. பிறகு தன் உரலைத் திரும்ப உருட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் கவிழ்த்துவிட்டு வந்தது.

பீப்பாய் ஏறியது. அல்லி தலையை நீட்டி ஸ்டெப்னியைப் பார்த்தது, அதன் மேல் இருந்த கையையும் பார்த்தது. இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் பொதுவானதை "என்னுடையது" என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனால், அதன் பலனை வாயில்லாத பிள்ளைகள்தான் அனுபவிக்க வேண்டியிருக்கும்.