கயிறு அவிழ்க்காத பெட்டி

மஸ்கட்டில் அந்தப் பரோட்டாக் கடையில் மாஸ்டர் என்றால் ஒருவர்தான். பெயர் ஜெய்லானி. வயது இருபத்தாறு. பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றால் பேச மாட்டார். கல்லை விட்டு நகர்ந்தால் கொஞ்சம் பேசுவார்.

அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவருக்கு வயது நாற்பத்துமூன்று. பெயர் தங்கமாரியப்பன். எட்டயபுரத்துப் பக்கம் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேனின் சொந்தக்காரர் வண்டியை விற்றுவிட்டார். இவர் விமானம் ஏறி மஸ்கட் வந்துவிட்டார்.

கடையில் எல்லோரும் அவரைப் புது அண்ணன் என்று கூப்பிட்டார்கள். வந்து எண்பத்தெட்டு நாள் ஆகியும் அந்தப் ‘புது’ போகவில்லை.

மாவை அவர் வீசினால் நடுவில் கிழியும். மறுபடி உருட்டி வீசினால் ஓரத்தில் கிழியும்.

பாத்திரம் கழுவுகிற லூர்து எட்டிப் பார்த்துக் கேட்பான். "அண்ணே, மாஸ்டர் பரோட்டா வீசச் சொன்னாரா, வேட்டி கிழிக்கச் சொன்னாரா?"

தங்கமாரிக்குக் கோபம் வராது. இன்னும் எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொள்வார்.

சேர்ந்த அன்றைக்கே முதலாளி கணக்காகச் சொல்லியிருந்தார். "தொண்ணூறு நாள் புரொபேஷன். அதுக்குள்ள உமக்குப் பிடிக்கலைன்னா ஒரு கடுதாசி எழுதிக் குடும், அனுப்பி வச்சிருதேன். எனக்குப் பிடிக்கலைன்னாலும் அதேதான். தொண்ணூறு தாண்டிட்டா ரெண்டு வருஷம். அப்புறம் நடுவுல வந்து போறேன், போறேன்னு நிக்கக் கூடாது."

எண்பத்தெட்டாம் நாள் மத்தியானம் மூன்று மணி. சாப்பாட்டுக் கூட்டம் போய், ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். மாஸ்டர் சாயங்காலத்துக்கு மாவை உருட்டி எண்ணெய் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

தங்கமாரி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்தது. வேர்வை பட்டு ஓரம் நைந்திருந்தது.

"ராஜினாமாக் கடுதாசி. நாளன்னிக்குத் தொண்ணூறு. இதைக் குடுக்கவா, வேண்டாமா?"

மாஸ்டர் அதை வாங்கவில்லை. கை முழுக்க எண்ணெய்.

"வேலை பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு சொல்ல முடியாது."

"முதலாளி?"

"நல்ல மனுஷன்."

"சாப்பாடு, ரூமு?"

"ஒரு குறையும் இல்லை."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"இருங்கன்னுதான் சொல்லுதா."

"ஊருக்குப் போனா வேலை இருக்கா?"

"வேன் இல்லையே மாஸ்டர். போய்த்தான் தேடணும்."

"பின்ன என்னண்ணே?"

தங்கமாரி மாவு உருண்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மனசு ஒட்டலை. அம்புட்டுத்தான். போனா, மூணு மாசம் நிக்கத் துப்பில்லைன்னு ஊர்ல சிரிப்பாக. இருந்தா, ரெண்டு வருஷம் இப்படியே நிக்கணும். எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க சொல்லுங்க. போங்கன்னா போறேன். இருங்கன்னா இருக்கேன்."

மாஸ்டர் மிச்சமிருந்த நாலு உருண்டைகளுக்கும் எண்ணெய் தடவினார்.

"இதை எங்க வச்சு எழுதுனீங்க?"

"ரூம்லதான். பெட்டி மேல வச்சு."

"எந்தப் பெட்டி?"

"என் அட்டைப்பெட்டி."

மாஸ்டர் ஈரத்துணியை உருண்டைகளின் மேல் விரித்தார். கையைக் கழுவினார்.

"வாங்க" என்று ரூமுக்கு மாடிப்படி ஏறினார்.

அந்தப் பெட்டியின் கதை இதுதான்.

ஊரில் மனைவி கனியம்மாள் அதை மூன்று நாளாகக் கட்டினாள். சட்டை, கைலி, துண்டு, புளி, மிளகாய்ப்பொடி என்று ஒவ்வொன்றாக வைத்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய தகர டின். அது நிறையக் கைச்சுத்து முறுக்கு. அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கக் குனிந்து சுற்றியது. அவருக்கு இல்லை. கூட இருக்கப் போகிறவர்களுக்கு.

நம் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் அப்படி ஒன்று கொண்டு வருவார்கள். வந்த அன்றைக்கே ரூமில் எல்லோர் முன்னாலும் திறப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார்கள். லூர்து வந்தபோது தூத்துக்குடி மக்ரூன் கொண்டு வந்தான். மாஸ்டர் வந்தபோது கீழக்கரை இனிப்பான தொதல்.

கனியம்மாள் பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி, நீல நைலான் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். மகள் ஸ்கெட்ச் பேனாவால் அப்பா பெயரையும் மஸ்கட் என்றும் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

வந்த அன்றைக்கு அலுப்பு. நாளைக்கு அவிழ்க்கலாம் என்று தங்கமாரி படுத்துவிட்டார்.

மறுநாள் கயிற்றில் கை வைத்தபோது ஒரு யோசனை வந்தது. பிடிக்காமல் திரும்பிப் போவதாக இருந்தால் இதை யார் மறுபடி இவ்வளவு இறுக்கிக் கட்டுவது?

கையை எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மாற்றுச் சட்டை வேண்டியிருந்தது. வெங்காயக் கத்தியால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டார். கை நுழைகிற அளவுக்கு. கைக்கு எட்டியது இரண்டு சட்டை, ஒரு கைலி. அன்று முதல் அதையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எலி கடிச்சிருச்சாண்ணே?" என்று லூர்து கேட்டான்.

"ஆமா."

"பெரிய எலிதான். மோதிரம்லாம் போட்டிருக்கும் போல."

கனியம்மாள் முதல் வாரம் போனில் கேட்டாள். "முறுக்கு எல்லாருக்கும் குடுத்தீகளா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னாக?"

"நல்லாருக்குன்னாக."

"அந்த மாஸ்டரு?"

தங்கமாரி, "அவரு ரெண்டாவது கேட்டு வாங்கித் தின்னாரு" என்றார்.

அவள் சிரித்த சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரிடமும் அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த டின்னை எடுக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தார். வந்து பத்து நாள் கழித்து எப்படி முறுக்கை நீட்டுவது? இருபது நாள் கழித்து எப்படி? இப்படியே தள்ளிப் போய்விட்டது.

இப்போது மாஸ்டர் அந்தப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓட்டைக்குள் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தார்.

"அவிழுங்கண்ணே."

"இப்பவா?"

"ஆமா."

"ரெண்டு நாள்ல போறதா இருந்தா எதுக்கு மாஸ்டர் அவுத்துக்கிட்டு?"

மாஸ்டர் முடிச்சைக் காட்டினார்.

தங்கமாரி முடிச்சைப் பிடித்து இழுத்தார். அது இறுகிக் கல்லாகக் கிடந்தது. நகம் மடங்கியது.

"கத்தி எடுத்துட்டு வரேன். வெட்டிருவோம்."

"வெட்டாதீங்க. போறதா இருந்தா கட்டுறதுக்குக் கயிறு வேணும்ல?"

தங்கமாரி மறுபடி உட்கார்ந்தார். பல்லால் கடித்து இழுத்தார். ஒரு முடிச்சுக்குப் பின்னால் இன்னொரு முடிச்சு இருந்தது. கனியம்மாளின் கை அப்படி. நாலு முடிச்சும் அவிழ நெடுநேரம் ஆயிற்று. மாஸ்டர் அவசரப்படுத்தவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை. கயிறு விழுந்ததும் அதைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"சட்டையெல்லாம் எடுங்க. பீரோவுல வைக்கலாம்."

ஆறு பேருக்கு ஒரே இரும்பு பீரோ. ஆறு தட்டு. மாஸ்டர் கதவைத் திறந்தார். ஐந்து தட்டிலும் துணி பிதுங்கிக்கொண்டு நின்றது. லூர்துவின் ஜீன்ஸ் பாதி வெளியே தொங்கியது. நடுவில் ஒரு தட்டு மட்டும் துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது.

தங்கமாரி அந்த பீரோவை இதுவரை திறந்ததே இல்லை.

"இது ஏன் சும்மா கிடக்கு?"

"உங்க தட்டு."

"இத்தனை நாளா? இவ்வளவு நெருக்கடியில ஒரு துண்டுகூட வைக்கலையே யாரும்?"

"உங்க தட்டுல நாங்க எப்படி வைக்கிறது?"

தங்கமாரி சட்டைகளை எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் அடுக்கினார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை ஒன்று வந்தது. பழைய வேனில் மாட்டியிருந்த முருகன் படம் வந்தது. அதையும் தட்டில் சாய்த்து வைத்தார் மாஸ்டர்.

கடைசியாக டின்.

மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பைத் தங்கமாரி கிழித்தார். திறந்ததும் சிக்கு வாடை குப்பென்று அடித்தது.

அவர் உடனே மூடிவிட்டார்.

"போச்சு மாஸ்டர். எண்ணெய் காறிப்போச்சு. கீழ கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்திருதேன்."

"யாருக்குக் குடுத்துவிட்டாங்க?"

"உங்களுக்கெல்லாம்தான்."

"எங்களுக்கு வந்ததை நீங்க எதுக்குக் கொட்டுறீங்க? குடுங்க."

"இதையா?"

"ஒரு பேப்பர்ல வச்சுக் குடுங்கண்ணே."

தங்கமாரி சுற்றும் முற்றும் பார்த்தார். ரூமில் ஒரு காகிதம் இல்லை. சட்டைப் பையைத் தொட்டார். கடுதாசியை எடுத்தார். திரும்ப வைத்தார். 

மாஸ்டர் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவரின் பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கமாரி கடுதாசியை வெளியே எடுத்து, நாலு மடிப்பையும் பிரித்து, தரையில் விரித்தார். அதன் மேல் மூன்று முறுக்கை வைத்தார். எண்ணெய் ஊறி, நீல எழுத்து மங்கத் தொடங்கியது.

மாஸ்டர் ஒன்றை எடுத்துக் கடித்தார். சத்தமே வரவில்லை. நமுத்திருந்தது. முகம் சுளிக்காமல், நிதானமாக, கடைசிச் சுற்று வரைக்கும் தின்றார்.

"வேண்டாம் மாஸ்டர். வயித்துக்கு ஆகாது."

"சுத்து நல்லா வந்திருக்கு. பழகின கை" என்றார் மாஸ்டர். "இன்னொண்ணு எடுத்துக்கிறேன்."

தங்கமாரியின் கை டின்னின் மேலேயே நின்றுவிட்டது. அப்புறம் அதை மாஸ்டர் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.

படியில் சத்தம் கேட்டது. லூர்து ஈரக் கையோடு வந்து நின்று மூக்கைப் பொத்தினான்.

"என்ன மாஸ்டர், செத்த எலி வாடை? பெட்டிக்குள்ள இருந்ததைப் பிடிச்சிட்டீங்களா?"

"அண்ணன் வீட்டு முறுக்கு. எடுத்துக்க."

லூர்து ஒன்றை எடுத்துக் கடித்தான். கண் சுருங்கியது. ஆனாலும் மென்றான். கீழே விரித்திருந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தான்.

"இது என்னண்ணே, கடுதாசி மாதிரி இருக்கு? எண்ணெயாகுதே."

"ஆகட்டும்" என்றார் தங்கமாரி. "வேணும்னா நாளைக்கு வேற எழுதிக்கிடலாம்."

லூர்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிச்ச முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு, சிரமப்பட்டு விழுங்கினான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அநியாயம்ணே இது. வந்து எண்பத்தெட்டு நாள் ஆகுது. இன்னிக்குத்தான் கண்ணுல காட்டுறீங்க."

மாஸ்டர் காகிதத்தில் ஒட்டியிருந்த துணுக்கை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எண்பத்தெட்டு நாள் எங்கடா ஆச்சு? அண்ணன் இன்னிக்குத்தானே வந்திருக்காரு."