அழுகண்ணிக்குப் போகும் வழி

"அம்மா, அழுகண்ணி அழ மாட்டேங்குது" என்றார் பரமானந்தம்.

வள்ளிமயில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"டீ குடிக்கிறீங்களா?"

"எனக்கு வெந்நீர் போதும்மா. நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

மலைமேல் இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே கோரையும் பாசியும் மண்டிய ஒரு சதுப்பு கிடந்தது. மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே ஓடைக்கு விடும். அதன் தாழ்ந்த ஓரத்தில் குடிசை போட்டு அதைக் காத்து வந்தாள் வள்ளிமயில். செடிகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள அவளிடம் ஆட்கள் வருவார்கள். குளிர் தாங்காமல் போய்விடுவார்கள்.

போகாமல் ஒட்டிக்கொண்டவர் பரமானந்தம் ஒருவர்தான். ஆசிரியைக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. இருந்தாலும் வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

சமவெளியில் ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் வராத நேரத்திலும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். மனைவி போன பிறகு மலையேறி வந்தார். இங்கே தண்டவாளம் இல்லாததால் அழுகண்ணியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அழுகண்ணி தரையோடு தரையாகக் கிடக்கும் சின்னஞ்சிறு செடி. சிவந்த இலை முடிகளின் நுனியில் துளித்துளியாகப் பிசின் நிற்கும். பார்க்க அழுவது போல் இருக்கும். அழுதால் செடி சுகமாக இருக்கிறது என்று பொருள். சதுப்பின் மேல் பள்ளத்தில் ஒரே ஒரு திட்டு இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் எப்போதோ போய்விட்டது.

"மழை நின்னு கொஞ்ச நாள்தானே ஆச்சு? அதுக்குள்ள வேர்ல ஈரம் இல்லம்மா. தினமும் போய்ப் பார்க்கிறேன். ஒரு நாள் தவறினது இல்ல. அப்புறமும் இப்படி ஆனா நான் என்னதான் பண்றது?"

"தினமும் எந்த வழியில போறீங்க?"

"இதோ, இப்படித்தான்."

குடிசையிலிருந்து மேல் பள்ளம் வரை வகிடு எடுத்தது போல ஒரு தடம் கிடந்தது.

"முதல் நாள் நான் என்ன சொன்னேன்?"

"சதுப்புல ஒரு தடவை கால் வச்ச இடத்துல மறுபடி கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க." பரமானந்தத்துக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "ஆனா நான் யோசிச்சுப் பார்த்தேன்மா. தினம் புதுசு புதுசா கால் வச்சா தினம் ஒரு செடி சாகும். ஒரே தடத்துல போனா மத்ததெல்லாம் பிழைச்சுக்கும்ல? இத்தனை நாள்ல வேற ஒரு பாசி மேல நான் கால் வச்சதில்ல."

உண்மைதான். அவர் அவ்வளவு பார்த்து நடப்பவர்.

வள்ளிமயில் எழுந்து வெளியே வந்தாள். வாசலில் காட்டுப் பூவரசு உதிர்த்திருந்த சிவப்பு இதழ் ஒன்றைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க தடத்துல மேல போய் இதைப் போட்டுட்டு, அது கூடவே நடந்து வாங்க."

போட்டார். தடத்தில் தேங்கிக் கிடந்ததாக அவர் நினைத்த தண்ணீரில் இதழ் ஒரு சுற்று சுற்றியது. பிறகு நகர்ந்தது. அவர் பின்னாலேயே நடந்தார். இதழ் குடிசையைத் தாண்டி, வள்ளிமயிலின் காலடியைத் தாண்டி, ஓடையில் விழுந்து போயே போய்விட்டது.

"இந்த வாய்க்கால் யார் வெட்டினது?" என்று கேட்டாள் வள்ளிமயில்.

"யாரும் வெட்டலையேம்மா..."

அவள் அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

பரமானந்தமும் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அன்று முழுவதும் இருவரும் கோரையை அறுத்துக் கட்டுக் கட்டாக அந்தத் தடத்தில் திணித்தார்கள். மூங்கில் குச்சி அடித்துச் சேறு அப்பினார்கள். மேலிருந்து தொடங்கி, அடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தார்கள். முதல் கோரைக் கட்டை வைக்கும்போது மட்டும் பரமானந்தம் அழுகண்ணியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

குடிசைக்கு வந்து கையைக் கழுவியதும் கேட்டார்.

"நாளைக்கு எப்படிம்மா போய்ப் பார்க்கிறது?"

"போகக் கூடாது."

"எத்தனை நாள்?"

"அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும்."

கணக்கெடுப்பு வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த பிறகு நடக்கும். கண்ணை மூடிக்கொண்டு மூங்கில் சட்டத்தை வீசி, அது விழுந்த இடத்தில் என்னென்ன செடி முளைத்திருக்கிறது என்று எண்ணுவார்கள். பல இடங்களில் அப்படி எண்ணிப் பார்த்துச் சதுப்பின் உடம்பு எப்படி இருக்கிறது என்று வள்ளிமயில் சொல்லிவிடுவாள். இந்த வருடத்துக் கணக்கெடுப்பு இப்போதுதான் முடிந்திருந்தது.

"ஒரு வருஷமா?" என்றார் பரமானந்தம். "நான் பார்க்காத நேரத்துல செத்துப்போச்சுன்னா?"

"பார்த்துக்கிட்டே இருந்தா சாகாதா?"

"என் வீட்டுக்காரி அப்படித்தாம்மா போனா." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரியில ராப்பகலா பக்கத்துலயே இருந்தேன். கண்ணை எடுக்கல. ஒரே ஒரு டீ குடிக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அடுப்பில் வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. வள்ளிமயிலும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் ஏன் டீயைத் தொடுவதில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது.

"நீங்களாவா டீ குடிக்கப் போனீங்க?"

"இல்லம்மா. அவதான் போகச் சொன்னா. 'எந்நேரமும் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு... போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க'ன்னா. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா."

"டீ எப்படி இருந்துச்சு?"

பரமானந்தம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இஞ்சி தட்டிப் போட்டிருந்தான்" என்றார். "நல்லா... நல்லா இருந்துச்சும்மா."

பிறகு அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். வள்ளிமயில் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் ஓடை வற்றவில்லை. வாசலில் நின்றால் ஓடைச் சத்தம் கேட்கும். பரமானந்தம் காலையில் எழுந்ததும் அதைக் கேட்பார், பிறகு விறகு பொறுக்கப் போவார். அடைத்த தடத்தில் பாசி ஏறி, எது தடம் எது சதுப்பு என்று தெரியாமல் போயிற்று. ஆரம்பத்தில் அவர் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். வள்ளிமயில் ஒரு செருமல் செருமுவாள். போகப் போக அவளுக்குச் செருமுகிற வேலை இல்லாமல் போயிற்று.

மழை வந்தது, ஓய்ந்தது. கணக்கெடுப்பு நாள் காலையில் வள்ளிமயில் மூங்கில் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"ஐயா, வாங்க. இன்னைக்கு மேல் பள்ளத்துக்குப் போகலாம். உங்க அழுகண்ணியைப் பார்க்கலாம்."

பரமானந்தம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கல்லில் தட்டிய இஞ்சியின் சக்கை கிடந்தது. கையில் இருந்த டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"அது அழுதுக்கிட்டுதான் இருக்கும்" என்றார். "நீங்க முன்னால போங்கம்மா. டீ ஆறிடும்."