வாயில் மூட்டை, வாலை யார் பிடிப்பது?

தேக்கங்காட்டு ஓரத்தில் ஒரு பொந்து. அதில் மூக்காயி என்கிற மூஞ்சூறு தன் நாலு பிள்ளைகளோடு குடியிருந்தாள். மூத்தவள் கருமூக்கி. அடுத்தவன் நெடுவாலன். மூன்றாவது வம்பன், பெயருக்கு ஏற்ற பிள்ளை. கடைக்குட்டி பொட்டு, புளியங்கொட்டை அளவுதான் இருப்பாள்.

அந்த வருஷம் வெயில் என்றால் வெயில், அப்படி ஒரு வெயில். பொந்துக்குள் புழுங்கித் தள்ளியது. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சண்டை போட்டன. எங்கேயாவது கூட்டிப் போ, எங்கேயாவது கூட்டிப் போ என்று கண் விழித்ததும் ஆரம்பிக்கும் நச்சரிப்பு, தூங்கும்வரை ஓயாது. ஓடைப் பக்கம் இலுப்பைப் பூ உதிர்கிறது, ஈரமண் இருக்கிறது, வண்டுகள் மொய்க்கின்றன என்று கேள்விப்பட்டாள் மூக்காயி. சரி, பிள்ளைகளோடு ஒருநாள் போய் வந்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மூஞ்சூறுகளுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. அதனால் குடும்பமாக வெளியே கிளம்பினால் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. அம்மா முன்னால் போவாள். மூத்த பிள்ளை அம்மாவின் வாலடியை வாயால் கவ்விக்கொள்ளும். அதன் வாலடியை அடுத்தது கவ்வும், அதன் வாலடியை அதற்கடுத்தது. இதற்கு வால்பிடி என்று பெயர். பார்த்தால் ஒரு கயிறு ஊர்ந்து போகிற மாதிரி இருக்கும். எந்தப் பிள்ளை வாயை விட்டாலும் இழுப்பு குறையும், அந்த நிமிஷமே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எந்த மூஞ்சூறுக்கும் தெரிந்த சங்கதி இது.

ஆனால் மூக்காயிக்கு அந்தக் கோடையில் வேறு ஒரு கவலை. போன தடவை மூத்தது இரண்டையும் வெளியே கூட்டிப் போனபோது, பாதி வழியில் பசிக்கிறது என்று நெடுவாலன் அழுதுவிட்டான். மரத்தில் இருந்த அணில் வாலாம்பாள் அதைப் பார்த்துவிட்டாள். பிறகு கேட்கவா வேண்டும்? பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள் மூக்காயி என்று காடு முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

"இந்தத் தடவை எவளும் ஒரு குறை சொல்லக் கூடாது" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஏற்பாடு தொடங்கியது. வழியில் பசித்தால் தின்ன, வண்டுகளை இலையில் சுற்றி ஒரு மூட்டை. நாக்கு வறண்டால் சப்ப, ஈரப் பாசி ஒரு மூட்டை. ஓடையில் நனைந்துவிட்டால் துவட்ட, இலவம்பஞ்சு ஒரு மூட்டை. காலில் முள் குத்தினால் கசக்கிப் போட, பச்சிலை ஒரு மூட்டை. அதற்குள் இது இருக்கிறதா, இதற்குள் அது இருக்கிறதா என்று அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நாட்கள் போயின. எறும்புக்கூட்டம்கூட அவளைப் பார்த்து அசந்துபோனது.

கிளம்பும் நாள் வந்தது. வெயில் தாழ்ந்ததும் பொந்து வாசலில் பிள்ளைகளை நிறுத்தி, ஆளுக்கு ஒரு மூட்டையை வாயில் கொடுத்தாள்.

கருமூக்கி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, வாயில மூட்டை இருந்தா வாலை எதால பிடிக்கிறது?"

நல்ல கேள்வி. அந்த இடத்திலேயே மூக்காயி கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். ஆனால் ஏற்பாட்டில் மூழ்கினவளுக்குக் கேள்வி எங்கே காதில் விழும்?

"அதுக்கும் வழி வெச்சிருக்கேன்டி. நான் போகப் போகப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், இருக்கியான்னு. கூப்பிட்டவங்க 'ம்' சொல்லணும். அவ்வளவுதான்" என்றாள் பெருமையோடு.

மேலே கிளையில் வாலாம்பாள் உட்கார்ந்திருந்தாள். மூட்டைகளைப் பார்த்ததும், "அடேயப்பா, இதல்லவா ஏற்பாடு!" என்று வாயைப் பிளந்தாள். மூக்காயிக்குத் தலைகால் புரியவில்லை. தன் பங்குக்கு இன்னும் பெரிய மூட்டை ஒன்றை எடுத்து முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

பாதை முழுக்கக் காய்ந்த தேக்கிலை. கால் வைத்தால் சரசரவென்று சத்தம். மூக்காயி முன்னால் போனபடியே குரல் கொடுத்தாள். கருமூக்கி, இருக்கியா? ம். நெடுவாலா, இருக்கியா? ம். வம்பா? ம். பொட்டு? ம். கேட்கக் கேட்க அவளுக்கு மனம் குளிர்ந்தது. வால்பிடியைவிட இது எவ்வளவு சுலபம் என்றுகூட நினைத்தாள்.

பொட்டுவுக்குத்தான் சிரமம். அவள் மூட்டை அவளைவிடக் கனம். இரண்டு தடவை பின்தங்கினாள். இரண்டு தடவையும் அம்மா திரும்பி வந்து, மசமசவென்று நடக்காதே என்று அதட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு கொஞ்ச தூரம் ஒழுங்காகவே போனது. அழைப்பு போனது, 'ம்' வந்தது. நாலு பெயர், நாலு 'ம்'.

ஓடைக்குப் பாதி வழியில் ஒரு பாறை. அதன் அடியில் இளைப்பாறலாம் என்று மூக்காயி நின்றாள். கருமூக்கி வந்து மூட்டையை இறக்கினாள். நெடுவாலன் வந்தான். வம்பன் வந்தான். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

"பொட்டு எங்கே?"

மூன்றும் பின்னால் திரும்பிப் பார்த்தன.

"இப்பதானே 'ம்' சொன்னா!"

வம்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு திக்கித் திக்கி உண்மையைச் சொன்னான். மூட்டை கனக்கிறது, கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு வருகிறேன், அம்மா கூப்பிட்டால் எனக்கும் சேர்த்து நீ சொல்லிவிடு என்று பொட்டு கெஞ்சினாளாம். அம்மா மறுபடியும் தங்கச்சியைத் திட்டுவாளே என்று பாவப்பட்டு, இவனே இரண்டு 'ம்' சொன்னானாம். வாயில் மூட்டையோடு சொல்கிற 'ம்' எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும்!

மூக்காயி வந்த பாதையைப் பார்த்துத் திரும்பினாள். கத்திக் கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் பாதையின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பொட்டு, இருக்கியா?"

அவளுடைய குரல் மாதிரியேதான் இருந்தது. ஆனால் கூப்பிட்டது அவள் இல்லை.

எங்கிருந்தோ சன்னமாக, சந்தோஷமாக ஒரு பதில் வந்தது. "ம்."

கூப்பிட்டது ஒரு காட்டுப்பூனை. புதருக்குப் பின்னால் படுத்திருந்த அந்தப் பூனை, வழியெல்லாம் மூக்காயி கூப்பிட்டதை ஒன்று விடாமல் கேட்டிருந்தது. பெயர் தெரிந்துவிட்டது, அழைக்கும் விதம் தெரிந்துவிட்டது. கடைசி இரண்டு 'ம்' ஒரே இடத்திலிருந்து வந்ததைப் பெற்ற தாய் கவனிக்கவில்லை, பூனையின் காது கவனித்துவிட்டது. கடைக்குட்டி பின்னால் தனியாக நிற்கிறது என்று அதற்குத் தெரிந்துபோனது. இலைக்குவியலில் எந்த இடம் என்பதுதான் தெரியவில்லை. இன்னும் ஓரிரண்டு 'ம்' கேட்டால் போதும், அதுவும் தெரிந்துவிடும்.

பதில் சொல்லாதே என்று கத்தலாமா? கத்தினால் பொட்டு அம்மா குரல் கேட்டு ஓடி வருவாள். இலை சரசரக்கும். அப்புறம் ஒரே பாய்ச்சல்தான். மூக்காயிக்கு அழுவதற்குக்கூட நேரம் இல்லை.

முதுகிலிருந்த மூட்டையை உதறினாள். மூன்று பிள்ளைகளையும் பாறையிடுக்கில் தள்ளினாள். "வால்பிடி! என் குரல்லயே யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதீங்க. நான் வந்து தொட்டாத்தான் விடணும்" என்று கிசுகிசுத்தாள். மூன்றும் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு ஒடுங்கின.

அவள் இலைக்கு மேலே நடக்கவில்லை. இலைக்கு அடியில், மண்ணோடு மண்ணாக ஊர்ந்தாள். பூனையின் நாற்றம் மூக்கில் ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் பூனையின் மூச்சுச் சத்தமே கேட்டது.

"பொட்டு, எங்கடி இருக்கே? அம்மாடி, இருக்கியா?" என்று குழைந்தது பூனை.

பொட்டு வாயைத் திறக்கும் முன்னால், மூக்காயி எதிர்ப்பக்கத்திலிருந்து முந்திக்கொண்டாள். "ம்."

பூனை சட்டென்று திரும்பியது.

இலைக்குவியலுக்குள் இருந்த பொட்டுவுக்கு அது கேட்டது. அண்ணன்தான் தனக்காகச் சொல்கிறான் என்று நினைத்து, அவள் பேசாமல் இருந்துவிட்டாள். எப்படியோ பிள்ளை வாய் மூடியது. மூக்காயிக்கு அது போதும்.

பூனை மறுபடியும் கூப்பிட்டது. மூக்காயி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், "ம்" என்றாள். அது ஒரு அடி எடுத்து வைத்தது. இவள் ஒரு முழம் விலகினாள். கூப்பிடுவதும் பதில் சொல்வதுமாக, பாதையோரத்துச் சூரைமுள் புதர்வரை அதை இழுத்துக்கொண்டே போனாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். புதரின் தூரை ஒட்டி நின்று, கடைசியாக ஒரு 'ம்' சொன்னாள்.

பூனை பாய்ந்தது.

வாலில் நெருப்புப் பட்ட மாதிரி ஒரு வலி. வால் நுனி பூனையின் நகத்தோடு போய்விட்டது. மூக்காயி முள்ளுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டாள். அவள் உடம்புக்கு அந்தச் சந்து போதும். பூனையின் தலைக்குப் போதவில்லை. வளைந்த முள் காதிலும் மூக்கிலும் மாட்டிக்கொள்ள, பூனை முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் சீறியது.

மூக்காயி திரும்பிப் பார்க்கவில்லை. நேராக இலைக்குவியலுக்கு ஓடினாள். உள்ளே பொட்டு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் ஆசையாக வாயைத் திறந்தாள். சத்தம் வெளியே வரும் முன்னால் மூக்காயி திரும்பி நின்று, தன் வாலடியை அந்த வாய்க்குள் கொடுத்தாள். பிள்ளை கவ்வியது. இரண்டு பேரும் ஊர்ந்தார்கள்.

அதற்குள் பூனை முள்ளிலிருந்து தலையைப் பிய்த்து எடுத்துவிட்டது. ஆத்திரத்தோடு இருட்டும் புதர்களைப் பார்த்து, மூக்காயியின் குரலிலேயே கூப்பிட்டது.

"பொட்டு! பொட்டு! இருக்கியா?"

பெயர் கேட்கும்போதெல்லாம் வாலடியில் பற்கள் நடுங்குவது மூக்காயிக்குத் தெரிந்தது. பதில் சொல்லியே பழகின வாய் ஆயிற்றே. எந்த நொடியில் விட்டுவிடுமோ என்று அவள் உயிர் அந்தப் பற்களிலேயே இருந்தது. பொட்டு விடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பூனைக்குத் தொண்டை கட்டியது. பிறகு அது காதை நக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது.

பாறையிடுக்கில் மூன்று பிள்ளைகளும் விட்ட இடத்தில் விட்டபடியே இருந்தன. மூக்காயி ஒவ்வொன்றையும் தொட்டாள், முகர்ந்தாள், மறுபடியும் தொட்டாள். மூட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு, ஐந்து பேரும் ஒரே கயிறாக ஓடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே பார்த்தால், மரத்தடி முழுக்க இலுப்பைப் பூ. பூவுக்குப் பூ வண்டு. கால் வைத்த இடமெல்லாம் ஈரம். பாசிக்கும் பஞ்சமில்லை. எதையெல்லாம் சுமந்தார்களோ அதெல்லாம் அங்கே சும்மா கிடந்தது. பிள்ளைகள் தின்று தீர்த்தன. வம்பன் மட்டும் தின்னாமல், அடி விழும் என்று பயந்து ஒரு ஓரமாக நின்றான். நான்தான் பொய் சொன்னேன் என்று விம்மினான்.

மூக்காயி அவனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அறுந்த வால் விண்விண் என்று தெறித்தது.

"பொய் சொன்னது தப்புதான்டா. இனிமே சொல்லாதே. ஆனா நீ பொய் சொல்ல இடம் கொடுத்தது யாரு? வாலைப் பிடிக்க வேண்டிய வாயில மூட்டையைத் திணிச்சவ நான்தானே" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பிள்ளைகளோடு வெளியே கிளம்புகிறவர்களே, எதை எடுத்துப் போவது என்று யோசிப்பதற்கு முன்னால், பிள்ளைகளை எப்படிக் கைவிடாமல் கூட்டிப் போவது என்று யோசியுங்கள். அதுதான் ஏற்பாடு, மற்றதெல்லாம் வெறும் சுமை.