செத்த மரத்துக்குப் பொன்னாடை

ஒரு ஊர்ல ஒரு பெரிய மனுஷன் இருந்தாராம். பெரிய மனுஷன்னு யாரு சொன்னாங்கன்னு கேக்காத, அவரேதான் சொல்லிக்கிட்டாரு. பேரு ஏகாம்பரம். ஓசூர்ல ஒரு ஃபேக்டரியில முப்பது வருஷமா சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது பாஸ், இது ரிஜெக்ட்"னு சொல்றதுதான் அவருக்கு வேலை. ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்தாரே, வாய் நின்னுச்சா? இட்லியைப் பிட்டுப் பார்த்து பாஸ்ம்பாரு, சாம்பாரை ரிஜெக்ட்ம்பாரு. பக்கத்து வீட்டுக்காரர் கட்டின காம்பவுண்டு சுவரைக்கூட ரிஜெக்ட் பண்ணினாரு. கேக்குறியா? ம் சொல்லு.

"ம்."

அவருக்கு ஒரு சம்சாரம். அந்தம்மாவை அவரு பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "இந்தா"ன்னா அவங்கதான். ஒரே பொண்ணு, தேன்மொழி. அவளும் அவ வீட்டுக்காரரும் டெல்லியில வேலை பாக்குறாங்க, கையில ஒரு வயசுப் பொண்ணு. சித்திரை மாசம் வந்திருந்தப்போ இவரு சொல்றாரு, "பாப்பாவை எங்கிட்ட விட்டுட்டுப் போ, நான் வளக்குறேன்"னு. பெத்த பொண்ணுக்கு ஒரு நாள் பால் ஆத்திக் குடுத்தது கிடையாது, பேத்தியை வளக்குறாராம்! ஆனா அந்த ஆசை பொய் இல்ல, அதையும் சொல்லணும். பாப்பா அவரு விரலைப் புடிச்சா மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடும்.

அப்போ தேன்மொழி என்ன பண்ணினா தெரியுமா? ஒரு சின்னத் தொட்டியை எடுத்து அவரு கையில வெச்சா. அதுல ஒரு சாண் உயரத்துக்கு ஒரு மரம். ஜூனிபர்னு பேரு, குளிர் ஊரு மரம், ஊசி ஊசியா இலை. பெருசா வளர வேண்டியதை தொட்டியிலயே குட்டியா வளக்குறாங்களே, போன்சாய், அது. பெங்களூர்ல இருந்தப்போ வாங்கி ரெண்டு வருஷம் வளத்திருக்கா. டெல்லி சூட்டுக்கு ஆகாதுன்னு கொண்டு வந்துட்டா.

"அப்பா, மூணே விஷயம். வெளியில வெயில்ல வையுங்க. கத்திரி மட்டும் வெக்காதீங்க. மண்ணுல விரலை விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி. பொங்கலுக்கு வரேன். இது உயிரோட இருந்தா பாப்பாவைப் பத்திப் பேசுவோம்."

"பூ, இவ்வளவுதானா!"ன்னாரு ஏகாம்பரம்.

அவ ஏறின பஸ்ஸு தெருமுனை திரும்பல, தொட்டியைத் தூக்கிட்டு விடுவிடுன்னு ஹாலுக்குள்ள வந்துட்டாரு. டிவி பக்கத்துல கண்ணாடி ஷோகேஸ் இருக்கே, அதுக்கு மேல டொக்குனு வெச்சாரு.

"வெயில்ல வெக்கச் சொன்னாளே?"ன்னாங்க அந்தம்மா.

"வெளியில வெச்சா யாரு பாக்குறது?"

மரம் என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கு, எல்லாரும் பாக்குறதுக்கு? ஆனா யாரு கேக்குறது. சூரியனுக்குப் பதிலா டியூப் லைட்டு. தினம் காலையில கண்ணாடியை மாட்டிக்கிட்டு குனிஞ்சு பார்ப்பாரு. "கலர் பச்சை. பாஸ்!"

அப்புறம் ரெண்டாவது. ஃபோன்ல ரெண்டே ரெண்டு வீடியோ பார்த்தாரு. அவ்வளவுதான், வாத்தியார் ஆயிட்டாரு. அந்தம்மா ஜாக்கெட் வெட்டுற கத்திரியை எடுத்தாரு. கரக், கரக், கரக்! இந்தப் பக்கம் அதிகம்னு இதுல ரெண்டு, இப்போ அந்தப் பக்கம் அதிகமாயிடுச்சுன்னு அதுல மூணு. பாதி மரம் தரையில கிடக்கு. "இப்பத்தான் ஷேப் வந்திருக்கு"ன்னு கையைத் தட்டிக்கிட்டு எழுந்து போயிட்டாரு.

அந்தம்மா தொடப்பத்தை எடுத்தாங்க. கூட்டினாங்க. முறத்துல இருந்து ஒரே ஒரு கிளையைப் பொறுக்கி எடுத்தாங்க. காலி ஐஸ்கிரீம் டப்பாவுல ஆணியால அடியில ஓட்டை போட்டு, மண்ணும் மணலும் கலந்து நட்டு, துணி துவைக்கிற கல்லு பக்கத்துல வெச்சுட்டாங்க. வேர் புடிக்கிற வரைக்கும் வாளி மறைவுல நிழல், அப்புறம் நல்ல வெயில். தூங்கிட்டியா?

"இல்ல. மூணாவது என்ன?"

மூணாவதுதான் பெரிய கூத்து. தண்ணி! காலையில ஒரு சொம்பு, களக் களக். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினதும் ஒரு சொம்பு. சாயங்காலம் யாராவது வீட்டுக்கு வந்தா, அவங்க கையாலயும் ஒரு சொம்பு ஊத்தச் சொல்லுவாரு. ஷோகேஸ் நனைஞ்சிடக் கூடாதுன்னு அடியில எவர்சில்வர் தட்டு வேற. தண்ணி எங்க போகும்? மண்ணு சொதசொதன்னு சேறாயிடுச்சு. கொசு ஙொய்ங்னு பாடுது. அந்தம்மா விரலை விட்டுப் பார்த்துட்டு, "ஈரம் காயவே இல்லங்க"ன்னாங்க.

"நீ என்ன எனக்கு மேல இன்ஸ்பெக்டரா?"

அப்போ அந்த மரம் செத்துப் போச்சு.

"செத்துப் போச்சா!"

ஆமா. ஆனா அதுல ஒரு விஷயம் இருக்கு. ஜூனிபர் செத்த உடனே காட்டிக்குடுக்காது. உள்ள உயிர் போயி பல வாரம் ஆனாலும் வெளியில பச்சையாவே நிக்கும். இந்த மனுஷனுக்கு வெளியில பாக்குறது தவிர வேற என்ன தெரியும்? தினம் குனிவாரு, "பச்சை. பாஸ்!"ம்பாரு. செத்ததுக்கு தினம் மூணு சொம்பு தண்ணி வேற.

அப்புறம் கேளு. பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அவங்க காலனியில விழா. ஏகாம்பரம் தொட்டியை மடியில வெச்சுக்கிட்டு மேடையில உக்காந்துட்டாரு. செகரெட்டரி மைக்கைக் குடுத்தாரு. "மரம் வளக்குறதுக்குக் கண்ணு வேணும்!"னு அரை மணி நேரம் பேசினாரு. எல்லாரும் படபடன்னு கை தட்டினாங்க. ஒரு பொன்னாடை போத்தினாங்க. அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, மரத்துக்கே சுத்தி வெச்சாரு. செத்த மரத்துக்குப் பொன்னாடை! உலகத்துல வேற எங்கயாவது உண்டா?

போகி அன்னிக்குக் காலையில தேன்மொழி வந்தா. இடுப்புல பாப்பா. "வா, வா, வந்து பாரு!"ன்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனாரு.

அவ பொன்னாடையை விலக்கினா. இலையைத் தொட்டா, பொலபொலன்னு கொட்டுச்சு. மேல ஒரு இடத்துல நகத்தால பட்டையைச் சுரண்டினா. உசுரு இருந்தா உள்ள பச்சையா ஈரமா இருக்கும். இதுல காப்பித்தூள் நிறம். நடுவுல சுரண்டினா. அதே நிறம். அடியில சுரண்டினா. அங்கயும் அதேதான்.

"இது செத்து மாசம் ஆச்சுப்பா."

"பச்சையா இருந்துச்சே"ன்னாரு. அப்புறம் மெதுவா, "பச்சையாதானே இருந்துச்சு"ன்னாரு. பாப்பா அவரைப் பார்த்து கையை நீட்டுது, வாங்கிக்கக் கூசிப்போய் நிக்கிறாரு. நல்லா வேணும்!

அப்போ அந்தம்மா பொண்ணை மட்டும் கொல்லைப்புறம் கூப்பிட்டாங்க. துவைக்கிற கல்லு பக்கத்துல ஐஸ்கிரீம் டப்பா. அதுல விரல் உயரத்துக்கு ஒரு ஜூனிபர். நுனியில புதுசா இளம்பச்சை. லேசா அசைச்சுப் பார்த்தா அசையல, வேர் புடிச்சிருந்துச்சு. தேன்மொழி அங்கேயே உக்காந்து அழுதுட்டா. பின்னாடியே வந்து எட்டிப் பார்த்த ஏகாம்பரம் பாஸும் சொல்லல, ரிஜெக்ட்டும் சொல்லல.

ஆனா பாப்பா விஷயத்தை யாருமே எடுக்கல. அவ ஊருக்குப் போக வேண்டிய நாளும் வந்துருச்சு. அன்னிக்குக் காலையில அம்மாவும் பொண்ணும் அடுப்படி ஜன்னல் வழியா பாக்குறாங்க. ஏகாம்பரம் கையில சொம்பு. தளும்பத் தளும்ப தண்ணி. நேரா டப்பாவுக்கிட்டப் போறாரு. "ஐயோ, போச்சு!"ன்னு அந்தம்மா ஓடப் பார்த்தாங்க. தேன்மொழி கையைப் புடிச்சு நிறுத்திட்டா.

அவரு குனிஞ்சாரு. சொம்பைக் கீழ வெச்சாரு. மண்ணுல விரலை விட்டாரு. ஈரம். விரலைப் பார்த்தாரு, டப்பாவைப் பார்த்தாரு, சொம்பைப் பார்த்தாரு. அப்புறம் அந்தத் தண்ணியை மடக் மடக்னு தானே குடிச்சுட்டு, திரும்பி வந்துட்டாரு. அறுபத்திரெண்டு வயசுல அந்த மனுஷன் பண்ணின முதல் நல்ல காரியம், ஒண்ணுமே பண்ணாம வந்ததுதான்.

"அப்புறம் பாப்பாவை விட்டுட்டுப் போனாங்களா?"

விடாமத்தான் இங்க என் பக்கத்துல படுத்துக்கிட்டு இத்தனை கேள்வி கேக்குறியா?

"அப்போ அது தாத்தாவா!"

மெதுவா பேசுடி. அந்த ரூம்ல இருமுறாரு பாரு, லொக்கு லொக்குனு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு, கேக்கட்டும். காலையில அவரு டப்பாவுல விரலை விடும்போது நீயும் விட்டுப் பாரு. இப்போ கதையும் முடிஞ்சு போச்சு, உன் கண்ணும் சொருகுது. போர்வையை இழுத்துக்கிட்டு தூங்கு.