உயிர்ப்பு மந்திரத்தின் மூன்று பதிப்புகள்

“மூன்றில் எது மெய், அம்மா?”

ஆராவமுதன் மூன்று தடித்த புத்தகங்களை மேசைமேல் வைத்தார்.

பெருந்தேவி அம்மையார் பகடைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வயதில் ஆராவமுதனுக்கு இளையவர். ஆயினும் அந்த ஊருக்குக் கதையாட்டத்தைக் கொண்டுவந்தவர் அவரே. ஆதலால் அவரே ஆசான்.

அறுவர் மேசையைச் சுற்றி அமர்வர். ஐவர் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் நடப்பர். ஆறாமவர் நடுவர், கதையை நடத்துபவர். வாள் வீச்சு பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். மந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் புத்தகம் சொல்லும்.

புத்தகமோ மூன்று பதிப்பு கண்டுவிட்டது.

“எந்த மந்திரம்? தீயுருண்டையா? முதற்பதிப்பில் அது எறிந்தவன் மீசையையும் சேர்த்துப் பொசுக்கிற்று. இரண்டாம் பதிப்பில் மீசை தப்பியது. மூன்றாம் பதிப்பில் பகைவனே தப்பிவிடுகிறான்.”

ஆராவமுதன் சிரிக்கவில்லை.

“உயிர்ப்பு மந்திரம்.”

அம்மையாரின் கை நின்றது.

“வாசியும்.”

முதற்பதிப்பை விரித்தார். “‘பிறரைக் காக்கத் தன்னுயிரைத் தானே கொடுத்தவனை இம்மந்திரம் எழுப்பாது.’”

இரண்டாம் பதிப்பு. “‘அத்தகையவனையும் எழுப்பலாம், எழுப்புபவர் தம் ஆயுளில் பாதியை இழப்பார்.’”

மூன்றாம் பதிப்பில் அந்த வரியே இல்லை. இறந்தவர் எவரையும் எழுப்பலாம்.

“போன மாதம் வந்தது. கடைவாசலில் நின்றபடியே இந்தப் பக்கத்தைத்தான் தேடினேன். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கினாற்போல் இருந்தது.”

அந்தப் பாறைக்கு வயது பன்னிரண்டு.

அன்று ஆராவமுதன் நடுவர். அவருடைய பால்ய நண்பர் சேந்தன், நல்லாதன் என்னும் மருத்துவனாக ஒன்பது ஆண்டுகள் ஆடியவர். கதையில் பாலம் இடிந்தது. நல்லாதன் நால்வரையும் கரையேற்றிவிட்டு வெள்ளத்தோடு போனான்.

கூட்டத்தில் உயிர்ப்பு மந்திரம் கற்றவள் ஒருத்தி இருந்தாள். அவளாக ஆடிய குமுதவல்லி பகடையைக் கையில் எடுத்தாள். ஆராவமுதன் தடுத்து, முதற்பதிப்பின் வரியைச் சுட்டிக்காட்டினார்.

“நீர் நடுவரா, எமனா?” என்றாள் குமுதவல்லி.

சேந்தன் வாதாடவில்லை. பாத்திரத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அதன்பின் அவர் வீட்டுக் கதவு ஆராவமுதனுக்குத் திறக்கவேயில்லை. எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

“மாலைப் பேருந்தில் கும்பகோணம் போகிறேன், அம்மா. சேந்தன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறானாம். தவறு அடியேனுடையதன்று, அன்றைய புத்தகத்தினுடையது என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். உங்கள் சொல்லுக்கு அவன் கதவைத் திறப்பான்.”

“பாவம் புத்தகம். வாயில்லாத பிராணி.”

“விதி விதிதானே? நடுவன் விருப்பு வெறுப்புப் பார்க்கலாமா?”

“பார்த்தீரா?”

ஆராவமுதன் மேசையின் மரவரிகளைப் பார்த்தார்.

“நல்லாதன் போனபோது யார் யார் அழுதனர்?”

“எல்லோரும்.” சொல்லை மென்று விழுங்கினார். பிறகு அதுவாகவே வெளியே வந்தது. “ஒன்பது ஆண்டு ஊண் உறக்கம் மறந்து கதை கட்டியவன் அடியேன். காடும் நதியும் நகரமும் அடியேன் படைத்தவை. ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது எல்லோரும் நல்லாதனைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள். ஒரு நாளாவது, ஒருவராவது...”

நிறுத்திக்கொண்டார்.

அம்மையார் முதற்பதிப்பை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

“மந்திரங்கள் நூறாம் பக்கத்தில் தொடங்குகின்றன. முதற்பக்கத்தில் ஒரு விதி உண்டு. மூன்று பதிப்பிலும் எழுத்து மாறாத விதி அது ஒன்றுதான். வாசித்துக்காட்டும். கையொப்பம் இடுகிறேன்.”

எழுதுகோலின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

ஆராவமுதன் புத்தகத்தைத் தொடவில்லை.

“பேருந்துக்கு நேரமாகிறது,” என்றார் அம்மையார்.

மூடிய அட்டையைப் பார்த்தபடியே ஆராவமுதன் சொன்னார்:

“‘மேசையில் அமர்ந்தோர் நலம் கருதி, இந்நூலின் எவ்விதியையும் நடுவர் தளர்த்தலாம்.’”

“திறக்காமலே சொல்கிறீர். எப்போது மனப்பாடமாயிற்று?”

ஆராவமுதன் மூன்றாம் பதிப்பையும் மூடிவைத்தார்.

“நடுவராக அமர்ந்த முதல் நாளில்.”