கழற்ற முடியாத பெட்டி

"டீச்சர், கழற்ற முடியல. எவனோ உள்ள இருந்துக்கிட்டு விடமாட்டேங்கான்."

இசக்கியப்பனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஐம்பதைத் தாண்டியவர். அவர் டீச்சர் என்று கூப்பிட்ட ஜெசிந்தாவுக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனை. அங்கே கம்ப்யூட்டர் அறை ஜெசிந்தாவின் பொறுப்பு. கேபிள் இழுக்க வந்த மனுஷரை உட்காரவைத்து, மெஷினுக்கு எப்படிக் கட்டளை போடுவது என்று கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

ஸ்கேன் படங்கள் எல்லாம் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சேமிப்புப் பெட்டியில் இருந்தன. கேபிள் வழியாக இங்கே இருக்கும் பெரிய மெஷினோடு அதை இணைத்திருந்தார்கள். மெஷினில் பார்த்தால் அதன் சொந்த ஃபோல்டர் மாதிரியே தெரியும்.

அன்று காலை பெட்டியின் ஃபேன் நின்றுவிட்டது. சூடு ஏறிக்கொண்டே இருந்தது. உடனே அணைத்தாக வேண்டும். அணைக்கும் முன் இணைப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே யாராவது நின்றால் மெஷின் கழற்றாது. கழற்று என்றால் ஒரே பதிலைத்தான் சொன்னது.

பிஸி.

"யாரு பிடிச்சிருக்கா, அண்ணாச்சி?"

"வேற யாரு, ஸ்கேன் ரூம்தான்."

"பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஆனால் ஸ்கேன் ரூம்காரர்கள் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு கடுப்பு. அங்கே கம்ப்யூட்டர்களில் திறந்திருந்ததை எல்லாம் இங்கிருந்தே ஒரே தட்டில் மூடிவிட்டார்.

போன் அலறியது. கீழே ஸ்கேன் ரூமில் இருந்து. டாக்டர் ஷமீமா. பாதி எழுதிய ரிப்போர்ட் அவர் கண் முன்னாலேயே காணாமல் போயிருந்தது. அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. இசக்கியப்பன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். வைத்துவிட்டு மறுபடியும் கழற்று என்றார்.

பிஸி.

"டீச்சர், இணைப்ப வெட்டிவிட்டுருதேன். அதுக்குத்தான் ஒரு கட்டளை இருக்கே."

"வெட்டலாம். ரொசாரியோ படம்?"

ரொசாரியோ மீன்பிடி லாஞ்சில் வேலை பார்ப்பவன். கயிறு அறுந்து கப்பி தலையில் விழுந்து, காலையில்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்கேனில் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுத்த படம். கிட்னி மோசம். இன்னொரு தடவை மருந்து ஏற்ற முடியாது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்.

அந்தப் படம் பாதி பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மீதி இன்னும் மெஷினின் கையில். ஒழுங்காகக் கழற்றினால் கையில் இருப்பதை ஒப்படைத்துவிட்டுத்தான் விடும். வெட்டினால் அது போச்சு.

இசக்கியப்பன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"இப்ப உள்ள யாரு இருக்கான்னு மெஷின்ட்ட கேளுங்க."

கேட்டார்.

"ஒருத்தருமில்ல. என் பேரு ஒண்ணுதான் காட்டுது."

"அப்போ?"

"அது கணக்கில்ல டீச்சர். நான் எப்பவோ வெளிய வந்துட்டேன். திரையப் பாருங்களேன், ஃபோல்டர் வாசலுக்கு வெளியதான நிக்கேன்."

ஜெசிந்தா பார்த்தாள். அவர் சொன்னது சரிதான்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து வாட்ச்மேன் போனில் கூப்பிட்டார். "தீஞ்ச வாடை அடிக்கும்மா."

ஜெசிந்தா போனை வைத்தாள்.

"இப்ப நீங்க யாரா இருக்கீங்க, அண்ணாச்சி?"

"ரூட்டா."

ரூட் என்றால் அந்த மெஷினில் ஏன் எதற்கு என்று யாரும் கேட்க முடியாத அதிகாரம். அது கைக்கு வந்துவிட்டால் இசக்கியப்பன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். குரல்கூட மாறிவிடும். வீட்டில் கிடைக்காத மரியாதை.

"இறங்குங்க."

"எதுல இருந்து?"

"ரூட்ல இருந்து."

"இறங்கிட்டா எப்படிக் கழற்ற? சாதா ஆளுக்கு அந்த உரிமை கெடையாதுல்லா. நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க."

"மொதல்ல இறங்குங்க."

இசக்கியப்பன் வெட்டும் கட்டளையை அடித்தார். ஒரே ஒரு பொத்தான் பாக்கி. விரல் அதன் மேலே நின்றது. தீய்ந்துகொண்டிருக்கிற பெட்டியை விட்டுவிட்டு, இந்தப் பிள்ளை என்ன விளையாடுகிறது என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஜெசிந்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டாள்.

"அழுத்தணும்னா அழுத்துங்க. ரொசாரியோ பொண்டாட்டி கீழ பெஞ்சில உக்காந்திருக்கா. நீங்களே போய்ச் சொல்லிருங்க."

அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அடித்ததை அழித்தார். அதிகாரத்தை விட்டு இறங்கும் கட்டளையைப் போட்டார்.

திரையில் ரூட் போய்விட்டது. அந்த இடத்தில் அவருடைய சொந்தப் பெயர் வந்தது. பெயருக்குப் பக்கத்தில், அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்பதும் வந்தது.

பெட்டிக்குள். ஸ்கேன் ஃபோல்டருக்குள். ரொசாரியோவின் படத்துக்குப் பக்கத்தில்.

காலையில் படம் வருகிறதா என்று பார்க்க அந்த ஃபோல்டருக்குள் போனவர் அவர்தான். அங்கே நின்றபடியேதான் ரூட் ஆனார். ரூட் ஆனவர் வெளியே நடந்து வந்துவிட்டார். பார்க்கப் போன இசக்கியப்பன் போன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.



பிறகு அந்த ஆளை வெளியே கூட்டிவந்தார். வெளியே நின்று அதிகாரத்தை வாங்கினார். கழற்று என்றார்.

மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதைச் செய்துவிட்டால் அது வாயைத் திறக்காது.

பெட்டியை அணைத்தார்கள். வேறு ஃபேன் மாட்டி எழுப்பினார்கள். ரொசாரியோவின் படம் முழுசாக இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கும் போய்விட்டது.

மறுபடியும் போன். டாக்டர் ஷமீமா. ஜெசிந்தா எடுத்து இசக்கியப்பனிடம் நீட்டினாள்.

"படம் வந்துட்டு. சரி, என் ரிப்போர்ட்ட அழிச்சீங்களே, கடைசில எந்தப் புண்ணியவான்தான் பிடிச்சு வச்சிருந்தது?"

இசக்கியப்பன் எழுந்து நின்றுகொண்டார்.

"நான்தாம்மா."

இந்தத் தடவை போனைக் காதோடு சேர்த்தே பிடித்துக்கொண்டார்.

"ரிப்போர்ட்ட நீங்க சொல்லுங்கம்மா. நான் கீழ வந்து டைப் அடிக்கேன்."