தாளாளர் போட்ட ராஜா வேஷம்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள் ஆவுடை. கோடை விடுமுறையில் ஊர்த் திருவிழா நாடகத்தில் பிக்பாக்கெட்காரியாக வேஷம் கட்டினாள். அவள் அடித்த கூத்தைப் பார்த்து ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. பள்ளித் தாளாளர் வெள்ளத்துரைக்கு மட்டும் வயிறு எரிந்தது. அதே மேடையில் அவர் பேசியபோது கைதட்ட ஆளில்லை.

பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டு, அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார்.

"திருடியா நடிச்சவங்க பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க? போட்ட வேஷம் ஒட்டிக்கிடும். நாளையில இருந்து நீங்க வர வேண்டாம் டீச்சர்."

ஆவுடையின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆனாலும் கலங்காமல், பணிவாகக் கேட்டாள்.

"வேஷம் ஒட்டிக்கிடும்னு உறுதியாச் சொல்லுதீங்களா சார்?"

"சத்தியமாச் சொல்லுதேன்!"

"அப்போ நல்லதாப் போச்சு. போன வருசம் ஆண்டு விழாவுல நீங்க பொய்யே பேசாத ராஜாவா நடிச்சீங்க. ராஜாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு நம்ம லேப்ல இருந்த மைக்ராஸ்கோப்பெல்லாம், மறுநாள் வண்டியேறி எங்க சார் போச்சு?"

பெற்றோர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். தாளாளருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஏம்மா, அந்த ராஜா வேஷம் வெறும் நடிப்பும்மா!" என்று அலறினார்.

"நானும் அதத்தான் சார் சொல்லுதேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேலையை விட்டு நிறுத்தும் பேச்சு அதோடு போயிற்று. தாளாளர் நைசாக எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார். ஒரு மாணவியின் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"டீச்சர் சமாச்சாரம் முடிஞ்சுது. இருங்க சார், மைக்ராஸ்கோப்பு எங்க?"